மூன்று சுவர்த் தொட்டி

1973ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஆரணியில் நான்கு நாட்களாக விட்டு விட்டுப் பெய்த மழை அன்று காலையிலிருந்து விடாமல் பெய்துகொண்டிருந்தது. காற்று இல்லை, இடி இல்லை, ஓட்டின் மேல் யாரோ அரிசி புடைப்பதுபோல ஒரே சீரான சத்தம் மட்டும். நான் எங்கள் வீட்டுத் தறிக்குழிக்குள் நின்றிருந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு நான்கு விரல் கீழே சில்லென்று இருந்தது. காலையிலிருந்து முப்பத்தொரு குடம் இறைத்துக் கொடுத்திருந்தேன், நான்கு விரல் நான்கு விரலாகவே நின்றது.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நெய்பவர் தரையில் உட்கார்ந்து, கால்களைத் தரைக்குக் கீழே ஒரு குழிக்குள் தொங்கவிட்டு, அங்கே கயிற்றில் கட்டியிருக்கும் மிதிகட்டைகளை மாறி மாறி மிதிப்பார். மிதிக்க மிதிக்க மேலே நீளவாக்கில் கட்டிய பாவு இழைகள் வாய் திறக்கும், நூல் கோத்த நாடா குறுக்கே பாயும். மூன்றடி ஆழம், நாலடி நீளம், இரண்டரை அடி அகலம். எங்கள் வீட்டில் நிலத்துக்குக் கீழே இருந்த ஒரே அறை அதுதான். அது காய்ந்து இருந்தால் வீட்டில் சோறு, நனைந்தால் பட்டினி. குழியில் ஈரம் ஏறினால் மேலே கட்டியிருக்கும் பட்டுப் பாவு நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும், சரிகை கறுக்கும். ஆகவே மழைக்காலத்தில் அப்பா பாவுக்கு அடியில் எட்ட ஒரு சட்டியில் தணல் வைத்து, பிள்ளை பெற்றவளுக்குக் காவல் இருப்பதுபோல அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்பாவுக்கு மழை என்றாலே ஆகாது.

அம்மாவுக்கோ மழை என்றால் உயிர். எங்கள் வீட்டுப் பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் உண்டு, ஆனால் உப்பு. பருப்பை ஒரு மணி நேரம் வேகவைத்தாலும் கொட்டையாகவே கிடக்கும், சவுக்காரம் நுரைக்காமல் தயிர் திரிந்ததுபோலக் கட்டி கட்டியாக மிதக்கும். அம்மா நெசவுக்கு உட்காரமாட்டார். அவருடைய வேலை பட்டு அவிப்பது. பச்சைப் பட்டு நூலைச் சவுக்காரம் கரைத்த வெந்நீரில் கொதிக்கவைத்து, அதன் பசையைப் போக்கி, பிறகு சாயத்தில் முக்கி எடுப்பார். "மழைத் தண்ணியில அவிச்சா பட்டு பூ மாரி வரும், கெணத்துத் தண்ணியில அவிச்சா திட்டுத் திட்டா சொறி புடிச்சாப்பல வரும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம். முற்றத்தில் அண்டா, தவலை, கொப்பரை என்று ஏழு பாத்திரங்களை ஓட்டுத் தண்ணீருக்கு ஏந்தி வைப்பார். அது எங்கள் வீட்டு நூலுக்கே போதாது. ஒரு பெரிய தொட்டி இருந்தால் தெருவில் மற்ற வீடுகளுக்கும் நூல் அவித்துக் கொடுக்கலாம், கைக்குக் காசு வரும் என்று நான்கு வருடம் கேட்டு, தன் கழுத்திலிருந்த ஒரே தங்கக் குண்டு மணியை விற்று, அந்த வருடம் ஆடி மாதத்தில் தொட்டி கட்டவைத்தார்.

கட்டியது கொத்தனார்தான், ஆனால் யோசனை அப்பாவுடையது. அப்பா செங்கல்லைக் கையில் எடுத்தாலும் விலையைத்தான் எடை பார்ப்பார். தொட்டிக்கு நான்கு சுவர் எதற்கு, தறி அறையின் வெளிச்சுவரையே நான்காவது சுவராக வைத்துக்கொண்டால் நூற்று இருபது செங்கல் மிச்சம் என்றார். அம்மா நான்கு சுவர்தான் வேண்டும் என்று நின்றார்.

"அதான் செவுரு நிக்குதே, அது பக்கத்துல இன்னொரு செவுரு எதுக்கு? செவுத்துக்குப் பொண்ணு பாத்துகினு இருக்கியா?" என்று அப்பா கேட்டார். கொத்தனார் சிரித்துவிட்டார். கொத்தனார் சிரித்ததால் அம்மா பேச்சை விட்டுவிட்டார். மண் சாந்தில் கட்டிய பழைய சுவரின் மேல் ஒரு கை சிமென்ட் பூசி, மற்ற மூன்று பக்கமும் புதிதாக எழுப்பி, ஓட்டின் விளிம்பில் தகரத்தை வளைத்துக் கட்டித் தண்ணீரைத் தொட்டிக்குள் திருப்பினார்கள். அக்டோபர் முடிவதற்குள் தொட்டி கழுத்து வரை நிறைந்தது. அம்மா தினம் காலையில் எழுந்ததும் கோலம் போடுவதற்கு முன்னால் போய்த் தொட்டியைத்தான் எட்டிப் பார்ப்பார். தை மாதத்துக் கல்யாணச் சேலைகளுக்கு நூல் அவித்துத் தருவதாக ஆறு வீடுகளில் வாக்குக் கொடுத்து வைத்திருந்தார்.

அப்போதுதான் குழியில் தண்ணீர் வந்தது. முதல் நாள் வெறும் கசிவு; இரண்டாம் நாள் கணுக்கால்; நான்காம் நாள் நான் நின்றிருந்த அளவு.

தறியில் அப்போது இருந்தது களம்பூர் அரிசி மில்காரர் ஒருவருடைய மகளின் முகூர்த்தச் சேலை. அரக்கு உடல், பச்சைக் கரை. பாவும் சரிகையும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் எல்லாம் கூலிக்கு நெய்யக் கொடுக்கும் ஆரணிப் பட்டு முதலாளி கொடுத்தது, எங்களுடையது கூலி மட்டுமே. பாதிச் சேலை முடிந்திருந்தது. உடலுக்கான ஊடை நூலில் முதல் பங்கை அம்மா தொட்டித் தண்ணீரில்தான் அவித்துச் சாயம் ஏற்றியிருந்தார். இரண்டாம் பங்கு பச்சைப் பட்டு இனிமேல்தான் வரவேண்டும். அதையும் அதே தண்ணீரில் அவித்தால்தான் அரக்கு ஒன்றாக இருக்கும், இல்லையென்றால் சேலையின் நடுவில் கோடு போட்டதுபோல நிறம் மாறும். முதலாளிக்கு ஒரு கண்டிப்பு உண்டு: ஈரத் தறியில் பாவு இருக்கக்கூடாது. இருப்பது தெரிந்தால் ஆள் அனுப்பிப் பாதியிலேயே பாவை அவிழ்த்துச் சுருட்டி வேறு வீட்டுத் தறிக்குக் கொண்டுபோய்விடுவார். அப்படி ஒரு வீட்டிலிருந்து பாவு வெளியே போவதைத் தெருவே வாசலில் நின்று பார்க்கும். அந்த வீட்டுக்கு மறுபாவு பொங்கல் கழித்துத்தான், அதுவும் நிச்சயமில்லை.

அப்பாவுக்கு யாரையாவது குற்றம் சொல்லியாக வேண்டும். முதலில் ஏரி நிரம்பி ஊற்று எடுத்துவிட்டது என்றார். பிறகு பக்கத்து வீட்டுச் சுப்பராயன்மேல் திரும்பினார். அவர் அப்பாவுக்கு மாமன் மகன் முறை. ஒருவரையொருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள், அவருக்கும் தறிதான், ஆனால் அவர் குழி காய்ந்து கிடந்தது. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று கத்தினார்.

"மச்சான், உன் ஓட்டுத் தண்ணி பூரா என் செவுத்து மேல ஊத்துது. என்ன குடும்பம் நடத்த உடறியா இல்லியா?"

"என் தண்ணி ரோட்டப் பாத்து போய்கினு இருக்குது. உன் வூட்ல ஏரி ரொம்பினா நான் வந்து மதகு தொறக்கணுமா?"

"பேஜார் பண்ணாத. தகரத்த அந்தாண்ட திருப்பு."

"திருப்பறேன் மச்சான். நீ மொதல்ல மழைய அந்தாண்ட திருப்பு."

அப்பா குடையை மடக்காமலே உள்ளே வந்தார். குடை நிலையில் மாட்டி ஒரு கம்பி வளைந்தது. அந்த ஆத்திரத்தில் என்னைப் பார்த்து, "இன்னாடா நின்னுகினு கீற, எற!" என்றார். நான் முப்பத்திரண்டாவது குடத்தை நிரப்பினேன்.

குடங்களை வாங்கிப் பின்கட்டில் கொட்டிக்கொண்டிருந்தது அக்கா. அவளுக்குப் பதினாறு வயது. எதையும் சும்மா கொட்ட மனம் வராது. தண்ணீர் கலங்கலாக இருந்தாலும் போகட்டும் என்று, நான்கு நாளாகக் காயாமல் நாறிக்கொண்டிருந்த தன் பாவாடையை அந்தத் தண்ணீரில் நனைத்துத் துவைகல்லில் வைத்துச் சவுக்காரம் போட்டாள். நுரை பொங்கிக் கல்லைத் தாண்டி வழிந்தது. அவள் அதைப் பார்த்து விளையாட்டாக, "யம்மா, இங்க பாரேன், பால் பொங்கறாப்பல பொங்குது" என்று கூப்பிட்டாள்.

அம்மா வந்தார். நுரையைப் பார்த்தார். குடத்தைச் சாய்த்து ஒரு கை அள்ளி வாயில் வைத்துச் சுவைத்துத் துப்பினார். நேராகத் தறி அறைக்கு வந்து, ஈரத் தலைமுடியைக்கூட ஒதுக்காமல் அப்பாவின் முன்னால் நின்றார்.

"ஊத்துத் தண்ணின்னா உப்பு கரிக்கணுங்க. இது ஊத்து இல்ல. இது என் தண்ணி."

அப்பாவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு அவருடைய பார்வை மெல்ல அறையின் வெளிச்சுவருக்குப் போனது. சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு முழத்துக்கு மண் கறுத்து ஊறியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம்தான் தொட்டி. நான்கு நாளாக நாங்கள் ஒரு பக்கம் சேர்த்த தண்ணீரையே மறுபக்கம் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தோம். நூற்று இருபது செங்கல்லைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நேரத்தில்தான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை. திங்கட்கிழமை வரவேண்டிய இரண்டாம் பங்கு நூலை, மழை வலுத்துவிடப் போகிறதே என்று ரப்பர் துணியில் சுற்றி ஞாயிற்றுக்கிழமையே கொண்டுவந்துவிட்டார். வருபவர் தறியைப் பார்க்காமல் போகமாட்டார்.

 அப்பா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, தறியில் உட்கார்ந்து, கணுக்காலுக்கு மேலே தண்ணீருக்குள் காலை விட்டார். நாடாவில் ஒரு சாண் நெய்கிற அளவு நூல்தான் மிச்சம். தணல் சட்டியை முன்னால் நகர்த்தினார். ஒரு மிதி மிதித்தார். குழிக்குள் "ளொப்" என்றது. எருமை குட்டையில் இறங்குகிற சத்தம். அம்மா பின்கட்டைப் பார்த்து, "அடிடி, நல்லா ஓங்கி அடி" என்றார். அக்கா பாவாடையைக் கல்லில் அறைய ஆரம்பித்தாள். பிறகு அம்மா என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வாய்ப்பாடு சொல்லுடா, ஜல்தி, சத்தமா" என்றார்.

எனக்கு வாயில் வந்தது பதினாறாம் வாய்ப்பாடு. மூலையில் சம்மணமிட்டு, நனைந்த கால்சட்டையைத் துண்டால் மறைத்துக்கொண்டு கத்தத் தொடங்கினேன். கணக்குப்பிள்ளை தறி அறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா அண்ணே, ஞாயித்துக்கெழமையும் ஓட்டறீங்க?"

"முகூர்த்தம் நெருங்குது இல்லீங்களா" என்றார் அப்பா, மிதிக்கும்போதெல்லாம் கூடவே இருமி. ளொப்புக்கு ஒரு இருமல், ளொப்புக்கு ஒரு இருமல். பின்கட்டில் பாவாடை அறைபட்டது. நான் பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு என்றேன்.

"குழியில ஈரம் கீரம் இல்லியே?"

"நெருப்புப் போட்டு வெச்சிகினு கீறேன், பாருங்க."

"பதினாறு எட்டு நூத்தி இருபத்தாறு!" என்று நான் அலறினேன்.

"இருபத்தெட்டுடா" என்றார் கணக்குப்பிள்ளை. "அவசரப்படாம சொல்லு."

அவர் இன்னும் ஒரு அடி எடுத்துவைத்தால் குழி தெரியும். எடுத்துவைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே நெய்த துணியின் விளிம்பை விரலால் நிரடிப் பார்த்தார், அம்மாவிடம் நூல் பொட்டலத்தைக் கொடுத்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, ரப்பர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தறி ஓடிகினு கீதுன்னு மொதலாளிகிட்ட சொல்லிடறேன். நாளன்னிக்கி மறுபடியும் வருவேன், அப்ப உள்ள வந்து உக்காந்து பாக்கறேன். காலைத் தொடச்சிக்கோங்க அண்ணே. சளி புடிச்சிதுன்னா வேலை கெடும்."

சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை நான் வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை. பதினெட்டாம் வாய்ப்பாட்டின் பாதிக்குப் போயிருந்தேன். அப்பா காலை வெளியே எடுத்தார். பாதங்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. யாரும் சிரிக்கவில்லை. நாளை மறுநாள் என்றால் செவ்வாய்க்கிழமை; அதற்குள் குழி காய்ந்தாக வேண்டும், குழி காய வேண்டுமென்றால் தொட்டி காலியாக வேண்டும்.

அம்மா அடுப்பை மூட்டினார். இரண்டாம் பங்கு நூலை அன்றே, அப்போதே அவித்துவிடுவது என்று முடிவாயிற்று. தொட்டியிலிருந்து பதினான்கு குடம் மொண்டு கொப்பரையை நிரப்பினோம். சவுக்காரம் கரைந்து வாசனை எழுந்ததும் சிட்டம் சிட்டமாக நூலை மூங்கில் கழியில் கோத்து இறக்கினார். நூல் முதலில் விறைப்பாக நிற்கும், பிறகு சோர்ந்து, பிறகு தலைமுடிபோல நெகிழ்ந்து மிதக்கும். அலசி எடுத்து அரக்குச் சாயத்தில் முக்கி, முன்கட்டில் கொடி கட்டித் தொங்கவிட்டு, கீழே கரித்தணல் வைத்தோம். முதல் பங்கில் மிச்சமிருந்த ஒரு துண்டு நூலை ஈரமான புது நூலோடு சேர்த்துப் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் அம்மா நீண்ட நேரம் பார்த்தார். "நெறம் ஒட்டிக்கிச்சி" என்றார்.

தொட்டியில் இன்னும் முக்கால் அளவு இருந்தது. அப்பா தொட்டியின் பக்கத்தில் போய் நின்று, மேல்விளிம்பைத் தடவியபடி, "பாதி வெச்சிக்கலாம்மே. கீழ்ப்பக்கம் களிமண்ணு வெச்சி அப்பிப் பாக்கறேன்" என்றார். அவர் குரல் அத்தனை தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"பாதி வெச்சா பாதி ஒழுகும். தறி ஓடட்டும்ங்க."

"ஆறு வூட்டுக்குச் சொல்லி வெச்சிகீறியே."

"சொன்னவ நான்தானே. நானே போயி இல்லேன்னு சொல்லிக்கிறேன்."

தொட்டியின் அடியில் இருந்த துவாரத்தில் துணி சுற்றி அடித்திருந்த மரக்கட்டையை அம்மாவே அசைத்து அசைத்துப் பிடுங்கினார். ஆடியிலிருந்து சேர்ந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கித் தெருவுக்கு ஓடியது. தெருப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர்த் தெருவில் மழைத் தண்ணீர் வாசல் வழியே ஓடினால் யார் விடுவார்கள்? பானை, குடம், சோற்றுக்குண்டான் என்று கையில் கிடைத்ததோடு வந்து எங்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். வாக்குக் கொடுத்த ஆறு வீட்டிலிருந்தும் வந்தார்கள். சுப்பராயனும் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு இரண்டு குடத்தோடு வந்து நின்றார்.

"மச்சான், உன் தண்ணிதான் இப்ப என் வூட்டுக்கு வருது. நான் சண்டைக்கா வந்தேன், பாத்துக்கோ" என்றார்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை, மற்றவர்கள் குடத்தைப் பிடிக்க வாகாக வாய்க்கால் முனையில் ஒரு துண்டுத் தகரத்தைச் செருகிப் பிடித்துக்கொண்டிருந்தார். அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பருப்பும் ஒரே கொதியில் வெந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை கணக்குப்பிள்ளை சொன்னபடியே வந்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார், குழிக்குள் காலை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம் இருந்தது, தண்ணீர் இல்லை. சேலை முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பே களம்பூருக்குப் போனது. அரக்கு எங்கே சேர்ந்தது என்று தெரிந்தது எங்கள் நான்கு பேருக்கு மட்டும்தான். தை மாதத்தில் அந்த ஆறு வீட்டு நூலும் ஆற்றங்கரைச் சாயப் பட்டறைக்குப் போயிற்று. போன வேலை பிறகு திரும்பவில்லை. அடுத்த ஆடியில் நாலாவது சுவர் எழுப்புகிறேன் என்றார் அப்பா. அடுத்த ஆடியில் அக்காவுக்கு வரன் வந்தது. அதற்கடுத்த ஆடியில் ஓடு மாற்றவேண்டி வந்தது. தொட்டியில் முதலில் விறகு அடுக்கினோம், பிறகு வறட்டி, பிறகு எதுவும் அடுக்காமலே அது குப்பையால் நிறைந்தது. அம்மா மறுபடியும் ஏழு பாத்திரங்களுக்கே போனார். அந்தச் சுவரைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவில்லை.

நான் படித்து, அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்து எழுந்தேன். என் மனைவி என்னை நிலைகொள்ளாத மனிதர் என்பாள். மழை பிடித்தால் எனக்கு ஒரே நேரத்தில் இரண்டு கவலை பிடிக்கும்: தண்ணீர் வீணாகப் போகிறதே என்று மாடிக்கு ஓடுவேன், உள்ளே வந்துவிடுமோ என்று கீழே ஓடுவேன். அப்பாவுக்கு முழங்கால் போய், 1986இல் தறியைக் கழற்றி விற்ற பிறகும் குழி அப்படியே இருந்தது. மேலே கடப்பைக் கல் போட்டு மூடினோம். மழைக்காலத்தில் கல்லை நகர்த்தி டார்ச் அடித்துப் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை. யாரும் கால் வைக்காத குழியிலிருந்து எத்தனையோ வருடம் தண்ணீர் இறைத்திருக்கிறேன்.

கடைசிக் காலத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் எதிரெதிர்க் கட்டிலில் படுத்திருந்தார்கள். மழைச் சத்தம் கேட்டால் அப்பா தலையைத் தூக்கி, "ஓட்டுத் தண்ணி பூரா ரோட்டுக்குப் போவுதேடா, ஒரு அண்டாவையாவது எடுத்து வையேன்" என்பார். அம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "அது கெடக்குது, நீ குழியப் பாரு, குழி காஞ்சி கீதா பாரு" என்பார். நான் இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டு, இரண்டையும் செய்வேன்.

இருவரும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஓடு போய்த் தளம் வந்தது. தளத்துத் தண்ணீர் பிளாஸ்டிக் குழாயில் இறங்கி, சரளைக் கல் நிரப்பிய தொட்டிக்குள் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. குழாயில் வருவது எங்கோ தொலைவிலிருந்து வரும் தண்ணீர். அதில் பருப்பு வேகிறது, சோப்பு நுரைக்கிறது. இன்று எங்கள் தெருவில் ஒரு வாய்த் தண்ணீரைச் சுவைத்து அது யாருடையது என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இல்லை. போன சித்திரையில் கடப்பைக் கல் விரிசல் விட்டது. பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம், இனியும் பள்ளம் வேண்டாம் என்று மனைவி ஆள் வரச்சொன்னாள். ஒரே நாளில் குழியைத் தூர்த்து முடித்துவிட்டார்கள். மேலே வழவழவென்று டைல்ஸ். அன்று சாயங்காலமே கோடை மழை பிடித்தது. நான் எழுந்து டார்ச்சைத் தேடி எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், நகர்த்தக் கல் இல்லாமல், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். மண் ஒரு டிராக்டர், ஜல்லி, மணல், சிமென்ட், டைல்ஸ், இரண்டு ஆள் கூலி, அவர்கள் குடித்த எட்டு டீ எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.